செதில்

மாரோவோ காயலில்
இந்தக் கரைக்குச் சனிக்கிழமைக் கோயில்,
எதிர்க்கரைக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோயில்.
நடுவில் அரைமணி நேரத் துடுப்பு.
ஹரிசி எதிர்க்கரைக்காரன்.
என்னைக் கட்டிக்கொண்டு
இந்தக் கரையில், தண்ணீருக்குள் கால் ஊன்றி, வீடு போட்டான்.
ஞாயிறு காலையில் தனியாகத் துடுப்பு வலித்துப் போவான்,
வெள்ளைச் சட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு, நனையாமல்.

எங்கள் பக்கம் செதில் இருந்தால்தான் மீன்.
இல்லையென்றால் அது கடலின் சொத்து,
எங்கள் வாய்க்கு இல்லை.
நண்டு, சிப்பி, விலாங்கு, ஆமை, எதுவும்.
பன்றியை நினைத்தும் பார்ப்பதில்லை.
காலைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் ஏறுகிறீர்கள் அல்லவா,
வயிறும் ஒரு வீடுதான் என்பார் போதகர்.

ஹரிசி கேட்பான்:
வானத்திலிருந்து ஒரு விரிப்பு இறங்கியதே,
நடப்பதும் ஊர்வதும் அதில் நெளிந்தனவே,
சாப்பிடு என்று ஒரு குரல் வந்ததே?
நான் சொல்வேன்:
அது மனுசரைப் பற்றிய பேச்சு. நண்டைப் பற்றியது அல்ல.
மனுசரைப் பற்றியது என்றால்
நண்டை ஏன் காட்டினார் என்பான்.
கல்யாணமாகிப் பதினோரு வருஷம்.
விரிப்பு இன்னும் பாதி வானத்தில் தொங்குகிறது.

நண்டு கிடைத்தால் கரையில்,
தன்னுடைய கருத்த தகரத்தில் வேகவைத்துத் தின்பான்.
மணலால் கையைத் தேய்ப்பான்,
எலுமிச்சை இலையை மென்று துப்புவான்,
அப்புறம்தான் என் பாயில் உட்காருவான்.
ஒரு நாளும் நான் சொன்னதில்லை, அப்படிச் செய் என்று.

நிலா இல்லாத இரவுகளில்
சிங்கி இறாலுக்கு முங்குவான்.
விளக்குப் பிடிப்பவள் நான்.
முள்மீசையோடு மேலே நீட்டுவான்,
வாங்கி ஈரச்சாக்கில் போடுவேன்.
தொடலாம். எண்ணலாம். விற்கலாம்.
அவை விமானம் ஏறி ஹோனியாராவுக்குப் போகும்,
நான் இதுவரை ஏறியதில்லை.
வந்த பணத்தில் பத்தில் ஒன்றை உறையில் போட்டு
நாக்கால் நனைத்து ஒட்டுகிறேன்.
காசுக்குச் செதில் உண்டா என்று
காணிக்கைப் பெட்டி கேட்டதில்லை.
நானும் கேட்டுக்கொண்டதில்லை,
போன மாசம்வரை.

போன மாசம் எதிர்க்கரையில் கொழுந்தன் கல்யாணம்.
சூட்டுக்கல் குழியில் இரண்டு பன்றி.
ஓரகத்தி வெலோசி எனக்கென்று
தனிப் பானை வைத்திருந்தாள்,
கடை ஒட்டுத்தாள்கூடக் கிழிக்காத புதுப் பானை.
செதிலுள்ள மீன், தேங்காய்ப்பால்.
அதை வாங்க சேகே வரை படகு போயிருக்கிறாள்.
பெட்ரோல் விலை எனக்குத் தெரியும்.
அழுதுகொண்டே சாப்பிட்டேன்,
மிளகாய் என்று சொன்னேன்.

அப்போதுதான் அடுக்களைக்குப் பின்னால்
என் மகன் ஜேனோவைப் பார்த்தேன்.
வாயோரம் கொழுப்பு.
அவன் தின்றது என்னை உறுத்தவில்லை.
என்னைக் கண்டதும் விழுங்கினானே,
மெல்லாமல், கண் பிதுங்க,
அதுதான்.

வீடு திரும்பும்போது எலுமிச்சை இலை மென்றான்.
அப்பாவிடம் கற்றது.
அப்பா மென்றது எனக்காக.
இவன் மென்றது என்னிடமிருந்து.
இலை ஒன்றுதான்.

நேற்று வெள்ளிக்கிழமை.
வாங்குகிறவரின் படகு
சூரியன் தண்ணீரைத் தொட்ட பிறகு வந்தது.
இன்றைக்கு விற்கமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றேன்.
ஞாயிறு என் நாள் என்றான் ஹரிசி.
திங்கள் என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.
அவர் திட்டிக்கொண்டே எஞ்சினை இழுத்தார்.
ஹரிசி சிரித்தான். நானும்தான்.

படுத்தாயிற்று.
தரைப்பலகைக்கு அடியில், மூங்கில் கூண்டுக்குள்,
பதினாலு சிங்கி இறால்கள்
கீறிக்கொண்டே இருந்தன.
அம்மா, அதுகளுக்கும் ஓய்வுநாளா
என்றான் ஜேனோ.
தூங்கு என்று போர்த்திவிடுவதுபோல் குனிந்து
அவன் வாயை மோந்து பார்த்தேன்.
வெறும் சர்க்கரைவள்ளி.
விளக்கை அணைத்துவிட்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.